இருபத்தொன்பது நிமிடம், ஐம்பத்தொன்பது விநாடி

ஸ்ரான்லி வீதி, மேல்மாடிக் கடை.
கரண்ட் போய் வந்து, குளிரூட்டி மட்டும்
திரும்பி வராத மத்தியானம்.
கண்ணாடிப் பெட்டியின்மேல் இரண்டு கமராக்களை
விளைமீனைக் கிடத்துவதுபோல்
பக்கவாட்டில் கிடத்துகிறார் றெக்ஸ் அண்ணை.

"இது படத்துக்கு ராசா.
இது வீடியோவுக்கு ராசா.
ரெண்டும் ஒண்டில வேணுமெண்டால், தங்கச்சி,
இருந்துகொண்டு விலையைக் கேளுங்கோ."

நான் இருந்துகொண்டுதான் கேட்கிறேன்.
கைப்பையில் சீட்டுக்காசு,
நாற்பதாயிரம் கழிவு விட்டு எடுத்தது.
கஜவதனியின் ஒரு சோடிக் காப்பு
வங்கிப் பெட்டகத்தில் படுத்திருக்கிறது.

அவள் படம். நான் வீடியோ.
ஒரே கமரா வாங்கினால்
அது யாருடைய தோளில் தொங்கும் என்று
நாங்கள் இன்னும் கதைக்கவில்லை.
ஓட்டோவில் வரும்போது அவள் மெகாபிக்சல் சொன்னாள்,
நான் பற்றறி சொன்னேன்,
பிறகு இரண்டு பேரும் வெளியே பார்த்தோம்.

போன ஆவணி. கோண்டாவிலில் ஒரு செத்தவீடு.
லவுசானில் விசா இல்லாத மகனுக்காக
முற்றத்து வெயிலில் முக்காலி ஊன்றி நின்றேன்.
வாய்க்கரிசிக்குச் சனம் நெருங்கியபோது
கமரா தானாகவே நின்றது.
இருபத்தொன்பது நிமிடம், ஐம்பத்தொன்பது விநாடி.
அதற்குமேல் ஓடாது என்று
எங்கோ ஒரு தொழிற்சாலையில்
யாரோ முடிவெடுத்திருக்கிறார்கள்.
மறுபடி அழுத்துவதற்குள்
வெள்ளைத்துணி முகத்தை மூடிவிட்டது.

கஜவதனியிடம் அந்தக் கணம் இருந்தது.
அரிசி விரல்களை விட்டுப் பிரிந்து
உதட்டைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கிற படம்.
எண்ணிப் பார்த்தால் பதினொரு மணி.
மகன் எட்டாம் நாள் எடுத்துக் கேட்டான்:
"படம் வடிவா இருக்கு அக்கா.
தங்கச்சி அப்ப என்ன சொல்லி அழுதவ?"

அதை நாங்கள் இருவருமே எடுத்திருக்கவில்லை.

"வெயிலில் எவ்வளவு நேரம் ஓடும்?"
றெக்ஸ் அண்ணை கையேட்டைக் கண்ணுக்கருகே பிடிக்கிறார்.
"இருபத்தைஞ்சு பாகையில ரெண்டு மணித்தியாலம்."
"இருபத்தைஞ்சு பாகை இஞ்ச எந்த மாசம் அண்ணை?"
அவர் சிரிக்கவில்லை. சன்னலைத் திறந்தார்.

கட்டில் வைத்து ஓடவிட்டோம்.
கீழே வீதி. வவுனியா பஸ்ஸின் ஹோன்.
சோடா வந்தது, குடித்தோம்.
கஜவதனி மற்றதை எடுத்துத்
தன் முழங்கையைச் சுட்டுப் பெரிதாக்கிப் பார்த்தாள்,
ரியூப் வெளிச்சத்தில் எங்கள் நிறம்
சாம்பலாகிறதா என்று.
பிறகு என் பக்கம் திரும்பிச் சும்மா ஒன்று.
நான் விலை பேசிக்கொண்டிருந்தேன்.

இருபத்தெட்டு.
இருபத்தொன்பது.
மூன்று பேரும் கதையை விட்டோம்.
முப்பது. முப்பத்தொன்று.
சிவப்புப் புள்ளி மூச்சு விட்டுக்கொண்டே இருந்தது.
தொட்டால் சூடு,
காய்ச்சல்காரனின் நெற்றிச் சூடு,
ஆனாலும் ஓடியது.

போட்டுப் பார்த்தோம்.
வீதி தெளிவு. அதைவிடத் தெளிவாக
சட்டகத்துக்கு வெளியே என் குரல்:
"பாத்துக் குறையுங்கோ அண்ணை,
இன்னும் ஒரு பத்து, பத்து மட்டும்..."
இவ்வளவு கெஞ்சியிருக்கிறேனா?
கஜவதனி ஒன்றும் சொல்லாமல்
மற்றக் கமராவின் திரையை நீட்டினாள்.
அதே நிமிடம். அதே நான்.
நாடி நிமிர்ந்து, ஒரு புருவம் உயர்ந்து,
கடையையே விலைக்குக் கேட்பவள்போல்
இருந்துகொண்டிருக்கிறேன்.

எது நான் என்று கேட்க நேரமில்லை.
லென்ஸுக்குக் காசு காணாது.
ஓரத்தில் பூஞ்சணம் பிடித்த பழையதையே
இதிலும் மாட்டவேண்டும்.
மைக் மட்டும் புதிது என்றேன்.
"மைக் ஏன்?" என்று அவள் கேட்கவில்லை.

றெக்ஸ் அண்ணை பில் புத்தகத்தைத் திறந்தார்.
கார்பன் தாள் தலைகீழாக இருந்தது,
எடுத்துத் திருப்பி வைத்தார்.
"யாற்ற பேரில எழுத?"