ஒரு பக்கத்துக்குள்

பெப்ரவரி. இரவு பதினொன்றரை.
எக்லிங்டன் வீதியில் உப்புத் தூவும் லொறி
மஞ்சள் விளக்கைச் சுழற்றிக்கொண்டு போகிறது.
நான் என் நான்கு மாதத்தை
நான்கு வரியாக்கிக்கொண்டிருக்கிறேன்.

மேலே தடித்த எழுத்தில் வினுஷா பரராஜசிங்கம்.
அப்பாவின் பெயரே முக்கால் வரி.
கீழே முதல் வரி:
"நிதிப் பிரிவில் உதவினேன்."

நிதுர்ஷன் நூடில்ஸ் கிண்ணத்தோடு வந்து
தோளுக்கு மேலால் பார்த்துச் சிரித்தான்.
"உதவினதெண்டா? கதவு திறந்துவிட்டியோ?
என்ன செய்தனி எண்டு சொல்லு. எண் போடு.
எண் இல்லாத வரியை
ஆறு செக்கனுக்கு மேல ஒருத்தரும் பார்க்க மாட்டினம்."
அவன் சொன்னது சரி.
அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது.

எண்களைத் தேடினேன்.
கிங் வீதி, பத்தொன்பதாம் மாடி.
என் மேசைக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு தூண்.
அதை எழுத முடியாது.
பதினேழு டொலர் நாற்பது சதம்
இரண்டு ஏடுகளுக்கிடையில் காணாமல் போய்
மூன்று நாள் என்னை அலைக்கழித்தது.
கடைசியில், யாரோ இரண்டு தரம் பதிந்த டாக்சி ரசீது.
அன்று மாலை ரயிலில் நின்றபடியே சிரித்தேன்;
பக்கத்தில் இருந்தவர் பையை மடிக்கு இழுத்துக்கொண்டார்.
அது இப்போது:
"மாதம் 1,900 பரிவர்த்தனைகளை ஒப்புநோக்கி
முரண்பாடுகளைத் தீர்த்தேன்."
நல்லாய்த்தான் இருக்கிறது.
ரயிலில் சிரித்தவள் அதற்குள் இல்லை.

இரண்டாவது.
டக் வெள்ளிக்கிழமைதோறும் வெட்டி ஒட்டிய அறிக்கையை
ஒரு பொத்தானுக்குள் அடக்கினேன்.
ஐந்து மணித்தியாலம் இருபது நிமிடமானது.
நன்றி சொன்னார். பிறகு
மிச்ச நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல்
என் மேசைக்கு வந்து
மகளின் ஹொக்கி பற்றிக் கதைத்தார், நெடுநேரம்.
"அறிக்கை தயாரிப்பு நேரத்தை 93 வீதம் குறைத்தேன்."

மூன்றாவதில்தான் நிற்கிறேன்.
தவணை தவறியவர்களின் பட்டியல்.
முப்பது நாள், அறுபது, தொண்ணூறு.
மாதம் பிறந்ததும் ஆட்களை
இடமிருந்து வலத்துக்கு நகர்த்துவது என் வேலை.
ஆட்கள் அல்ல, இலக்கங்கள்.
4471க்கு நேரே, பிணைப்பொருள் என்ற கட்டத்தில்,
"அடுப்பு, இரண்டு தட்டு, லோரன்ஸ் கிழக்கு."

லோரன்ஸ் கிழக்கில் ஒரு அடுப்பை எனக்குத் தெரியும்.
வளாகம் போகும் வழியில், மீன் பணிஸ்,
சுடச்சுட, ஒன்றே முக்கால் டொலர்.
சில்லறை போதாத நாளில்
"நாளைக்குத் தாங்கோ பிள்ளை" என்பார் தெய்வேந்திரம்.
நாளைக்குத் தாங்கோ.

இரண்டு தரம் சரிபார்த்தேன்.
தொண்ணூறுக்கு நகர்த்தினேன்.
அது சரியான நிரல்தான்.
வெளியே சொல்லக் கூடாதென்று கையெழுத்து வைத்திருந்தேன்;
அந்தத் தரிப்பில் இறங்காமலே போய்வந்தேன்.
ஜனவரியில் கடைக் கண்ணாடியில்
பழுப்புத்தாள் ஒட்டியிருந்தது.

"212 நிலுவைக் கணக்குகளைப்
பிழையின்றி வகைப்படுத்தினேன்."
ஒரு சொல்லும் பொய்யில்லை.

ஆங்கிலத்தில் இதை மாற்றும்போது
'நான்' போடக் கூடாதாம்.
வினை நெஞ்சை நிமிர்த்தி முன்னால் நிற்கும்,
செய்தவர் மேடைக்கே வர மாட்டார்.
தமிழில் அப்படித் தப்ப முடியவில்லை.
குறைத்தேன், நகர்த்தினேன், வகைப்படுத்தினேன்:
வினையின் வாலில் நான் தொங்குகிறேன்.
வாலைத் தனியே வெட்டிப் பார்த்தால்
அது "ஏன்" என்கிறது.

நான்காவது வரி சுகம்:
எக்செல், தமிழ், கொஞ்சம் பிரெஞ்சு.

நிதுர்ஷன் தூங்கிவிட்டான்.
இரண்டாம் பக்கத்துக்கு ஒரு சொல் வழிகிறது.
எழுத்தைப் பத்தரையாக்கினேன்.
ஓரத்தைக் குறுக்கினேன். அடங்கவில்லை.
எங்காவது ஒரு சொல்லை எடுக்க வேண்டும்.

"பிழையின்றி"க்குப் பக்கத்தில் போய் நின்று
கண்சிமிட்டுகிறது சுட்டி.
உப்பு லொறி திரும்பி வருகிறது,
வீதியின் மற்றப் பக்கத்துக்கு.