அரைப்பேர்

இரவு பதினொன்று பத்து. ஹட்டனில் மழை.
நாளை மறுநாள் சம்பளம்.
ஸ்டோரிலிருக்கும் முதன்மையிலிருந்து வந்த ஒரு நிரையில்
பிரதி சேர்வர் நின்றுவிட்டது.

நிரை கிடைக்கவில்லை என்கிறது.
இருக்கிறது. என் கண்ணுக்குத் தெரிகிறது.
அங்குள்ளதையும் இங்குள்ளதையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிறேன்:
3127, யோகமணி, ஏழாம் நம்பர் மலை,
பதினேழு கிலோ, அரைப்பேர்.

பின்னேர நிறுவையில் இரண்டு கிலோ ஏறியது.
அரையை முழுசாக்கச் சொல்லி மலையிலிருந்து கட்டளை இறங்கியது.
இறங்கிய கட்டளை முதலில் ஆளைக் கேட்கும்:
இப்படி ஒருத்தி உன்னிடம் உண்டா?
நாலு லட்சம் நிரையையும் தொட்டுப் பார்த்து
பிரதி சொன்னது, இல்லை.
இந்த மலைக்குப் பழக்கமான பதில்தான்.

கொழும்பிலிருந்து ருவந்திக்க, போனில்:
"ஒன்றைத் தாண்டிவிடுங்க அக்கா, ஓடும்."
ஓடும். தெரியும்.
மார்கழியில் நான் தாண்டினேன்.

கொழுந்து அட்டவணைக்கு முதன்மைச் சாவி இல்லை.
ஆளின் இலக்கம் இருக்கிறதே என்று விட்டுவிட்டார்கள்,
அதே ஆள் நாளைக்கும் மலைக்குப் போவாள் என்று யோசிக்காமல்.
எங்கள் லயத்திலும்
பன்னிரண்டு காம்பராவுக்கு ஒரே விலாசம்.
சாதாரணதரப் பெறுபேறு வந்த கிழமை
பத்தாம் காம்பரா சசிரேகாவின் கடிதத்தை
மூன்றாம் காம்பரா சசிரேகா உடைத்து
ஒரு முழுப் பின்னேரம் கணிதத்தில் தோற்றிருந்தேன்.

இரண்டு மணிக்குக் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் இருமி எழுந்தது.
நிரையைப் பைட் பைட்டாகப் பிரித்துப் போட்டேன்.
எல்லாம் ஒன்று. முதல் பைட் மட்டும் வேறு.
அதன் எட்டு பிட்டில் மூன்றுக்குத்தான் வேலை:
சேமலாப இலக்கம் வெறுமையா,
கணவன் பெயர் வெறுமையா,
குறிப்பு வெறுமையா.
மீதி ஐந்தும் யாருடையதும் இல்லை.
முதன்மை அவற்றை ஒன்றால் நிரப்பும்,
பிரதி பூச்சியத்தால்.
ஒப்பிடும் நிரல் எட்டையும் ஒப்பிட்டது.
யாருமே எழுதாத இடத்திலிருந்த வித்தியாசத்தால்
ஒருத்தி இல்லாமல் போனாள்.

திருத்தம் நாலு வரி.
பயன்படாத பிட்டை மூடு, ஒப்பிடு,
மூடியதை இருந்தபடி திற.
முதல் தடவை திறக்க மறந்து
கடன் அட்டவணையைக் கவிழ்த்தேன்.
ருவந்திக்க சிரித்தான்; நான் தேத்தண்ணீர் ஊற்றினேன்,
ஆறியதையே குடித்தேன்.

நாலரைக்கு ஏற்றினோம்.
பின்தங்கிய நொடி: முப்பத்தொன்பதாயிரம்,
இருபத்திரண்டாயிரம்,
எழுநூறு.
பிரட்டுக்கு ஆள் கூடும் நேரம்
பூச்சியம்.

வீட்டுக்குப் போயிருக்கலாம்.
பழைய லொக்கைத் திறந்தேன்.
மார்கழியில் தாண்டியது ஒன்றல்ல. நாற்பத்தொன்று.
எல்லாம் பின்னேர நிறுவை,
எல்லாம் பாதியில் நின்ற பேர்.

தை மாதம் ஒருத்தி இந்த ஒஃபிசுக்கே வந்திருந்தாள்,
கலண்டர் தாளில் பேனாக் கோடு போட்டுக்கொண்டு.
"எட்டு முழுப்பேர் எனக்கு. அஞ்சு போட்டிருக்கீங்க."
திரையைத் திருப்பிக் காட்டினேன்.
மிஷின் பொய் சொல்லாது என்றேன்.
மரியாதையாகத்தான் சொன்னேன்.
தாளை வாங்கி லாச்சியில் போட்டேன்.
அவள் இலக்கத்தை அன்று பார்க்கவில்லை.
இப்போது தாளின் மூலையில் இருக்கிறது: 3127.

விடிந்ததும் தோட்டத்து ஒஃபிசுக்குப் போன் போட்டேன்.
மலைக்கு ஏறியவளைக் கூப்பிட்டு விட்டார்கள்.
மூச்சு வாங்கியபடி கேட்டாள்.
மன்னிப்பை எங்கே தொடங்குவது என்று தெரியாமல்
பிட், பைட் என்று என்னவோ சொன்னேன்.

"மூணு அரை. அப்ப ஒண்ணரைப் பேர்," என்றாள்.
ஆமாம் என்றேன்.
"சரி. அந்தத் தாள் இருக்கா?"
இருக்கிறது.
"அதக் குடுத்து விடுங்க. பின்னால
புள்ளைக்கு ஊசி போடுற தேதி எழுதியிருக்கேன்."