மங்கு

ஆரம்பாக்கம் நெடுஞ்சாலை ஓரம்
விடியற்காலை ஐந்தே காலுக்குக் கம்பெனி பஸ்.
கொஞ்ச நேரத்தில் கைபேசி
ஆந்திரா என்று சொல்லி வரவேற்கும்.
ஏழு மாத வயிற்றோடு
ஜன்னலோரம் உட்கார்ந்து பார்க்கிறேன்,
மாநிலம் எங்கே மாறுகிறதென்று
இன்னும் கண்டுபிடித்தபாடில்லை.
அதே சவுக்கு. அதே உப்புக்காற்று. அதே லாரிகள்.

வாசலில் முகம் பார்க்கும் இயந்திரம்.
இரண்டு வருடமாக என்னைக் கண்டதும் பச்சை.
திங்கட்கிழமை சிவப்பு.
தலையை நிமிர்த்து என்றார்கள். நிமிர்ந்தேன்.
சிவப்பு.
முக்காட்டை எடுத்தேன். சிவப்பு.
கன்னம் இரண்டிலும் டீ சிந்திக் காய்ந்த நிறம்,
மேலுதட்டின் மேல் மெல்லிய மீசை நிழல்,
மூக்கு வேறு உப்பியிருந்தது.
எதைப் பார்த்து மிரண்டதோ.
காவலாளி நோட்டில் எழுதினார்:
குணசுந்தரி, முகம் சேரவில்லை.

நர்ஸ் அறையில் ஹைமாவதி,
சூளூர்பேட்டைக்காரி.
"மங்கு மச்சலு" என்றாள்.
எனக்குப் பாதித் தெலுங்குதான்.
ஆனாலும் மங்கு எங்கள் தெருவிலும் மங்குதான்.
மச்சம் எங்களுக்கு அதிர்ஷ்டம்,
அவளுக்கு வெறும் கறை.
நான் சிரித்தேன், அவளுக்கு ஏனென்று தெரியவில்லை.

கைப்பையிலிருந்து டியூபை எடுத்துக் காட்டினேன்.
தணிகைவேல் தடா கடையில் வாங்கியது,
ஆசையாக, சம்பள நாளில்.
ஏழே நாளில் பௌர்ணமி என்று அட்டையில் போட்டிருந்தது.
நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை கண்ணாடி பற்றி,
அவனாகவே பார்த்திருக்கிறான்.
அவள் பொடி எழுத்தைக் கண்ணருகே வைத்துப் படித்தாள்.
ஸ்டீராய்டு. தொடாதே.
வெயிலில் குடை பிடி, டாக்டர் எழுதாத எதையும் பூசாதே.
பிள்ளை பிறக்கட்டும், மங்கு தானே மங்கும்.
"முழுக்கவா?"
தன் நெற்றிப்பொட்டைத் தொட்டுக் காட்டினாள்.
அவள் மகன் எட்டாவது படிக்கிறான்.

இடுப்பில் எலாஸ்டிக் உரசிய இடத்தில் வேர்க்குரு,
அதற்குப் பருத்தித் துணி.
தொப்புளுக்குக் கீழே புதிதாக ஓடும் கறுப்புக் கோடு,
அதற்கு ஒன்றும் வேண்டாம்.
அடிவயிற்றில் மழை கீறிய மண்சுவர் போல வரிகள்.
எண்ணெய் தடவினால் போகாது,
இழுக்கிற தோலுக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

பேனாவை மூடியவள் மறுபடி திறந்தாள்.
"ராத்ரி துரத உந்தா?"
துரத்துகிறதா என்று காதில் விழுந்தது.
ஆமாம், தூக்கத்தைத் துரத்துகிறது என்றேன்.
எங்கே?
உள்ளங்கை, உள்ளங்கால்.
கொப்புளம் உண்டா?
இல்லை. தென்னந்துடைப்பத்தால் பாதத்தைத் தேய்த்துக்கொள்கிறேன்.

அவள் சிரிப்பு போய்விட்டது.
இது எண்ணெய்க்கு அடங்கும் அரிப்பு இல்லை,
ரத்தம் பார்க்க வேண்டும், ஈரலைப் பார்க்க வேண்டும்,
இன்றைக்கே, நாளைக்கில்லை.
பிள்ளை அசைகிறதா என்று
எனக்குத் தெரிந்த மொழியில் இரண்டு தடவை கேட்டாள்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம்.
ஈரல் கொஞ்சம் முனகுகிறது என்றார் டாக்டர்.
ஒரு மாத்திரை, வாரம் ஒரு சோதனை,
அசைவு குறைந்தால் நள்ளிரவானாலும் கிளம்பி வா.
பஸ்ஸில் திரும்பும்போது
வயிற்றில் கை வைத்தபடியே எண்ணிக்கொண்டு வந்தேன்,
எளாவூர் தாண்டி ஒன்பது.

இரவு தணிகைவேல் மின்விசிறியை
என் காலடிக்கு நகர்த்தி வைத்தான்.
ஈரத்துணியைப் பிழிந்து பாதத்தில் போட்டான்.
பௌர்ணமி டியூபை என்ன செய்வது?
வெளியே எடுத்துப்போய்
பைக் செயினுக்குப் பூசிவிட்டு வந்தான்.
செயின் வெளுக்கிறதா பார்ப்போம் என்றான்.
சொறிந்துகொண்டே சிரித்தேன்.

வியாழக்கிழமை
ஆபீஸ் பையன் புதுப் படம் எடுத்தான்.
மங்கோடு, மீசை நிழலோடு, உப்பிய மூக்கோடு.
பச்சை.
"பழைய முகத்தை அழிச்சிடவா அக்கா?"
இருக்கட்டும் என்றேன்.
எது திரும்பி வரும் என்று யாருக்குத் தெரியும்.
பின்னால் யாரோ கொட்டாவி விட்டபடி
தெலுங்கில் நகரச் சொன்னாள்.