ஒத்தி

தீப்பிடித்தால் இடது கதவு.
இதைத்தான் முதலில் சொல்வேன், பதினோரு வருடமாக.
யாரும் குறித்துக்கொள்வதில்லை.

இந்த முறை மூன்று பேர்.
ஓரெஸ்ட் ஹ்னாட்யுக், சஸ்காட்செவன் அரசு அனுப்பியவர்,
கனோலா விவசாயி. கழற்றிய தொப்பியை
எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்திருக்கிறார்.
டெல்ஃபின் லாவல்லே, முப்பது வருடம் இரவுப்பணி பார்த்த செவிலி.
எதையும் அடிக்குறிப்பிலிருந்துதான் படிக்கத் தொடங்குகிறார்.
பிரின், மாணவர் பிரதிநிதி,
தலைமுடியில் இன்னும் ஹாக்கிப் பயிற்சியின் ஈரம்.

ஆளுக்கொரு கோப்பு. நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
தூக்கிப் பார்க்கிறார் ஓரெஸ்ட்,
பிறந்த கன்றை எடை பார்ப்பதுபோல.

ஆட்சிக்குழு உறுப்பினர் என்கிறோம் உங்களை.
எந்த உறுப்பு என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள்.
கை என்று நினைத்து வருகிறவர்கள்தான் அதிகம்,
உயர்த்துவதற்கு.
காதாக இருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.
இரண்டாம் தவணை கிடைக்கவில்லை அவருக்கு.

அடுத்தது: அனுப்பியவர்களுக்காகப் பேசக் கூடாது,
மொத்தப் பல்கலைக்கழகத்துக்காகத்தான் பேச வேண்டும்.
"போன வாரம் கட்டணம் கட்ட முடியாமல்
காலி செய்துகொண்டு போனாளே என் பக்கத்து அறைக்காரி,
அவள் மொத்தத்தில் சேர்த்தியா?" என்கிறாள் பிரின்.
நல்ல கேள்வி, என்றேன்.
பதில் இல்லாதபோது சொல்வதற்கென்றே
வைத்திருக்கும் வாக்கியம் அது.

பக்கம் இருநூற்றுப் பதினான்கு.
ஒத்திவைக்கப்பட்ட பராமரிப்பு.
ஒரே வரி, ஒன்பது இலக்கம்.
அதில் விரலை ஊன்றிக்கொண்டு ஓரெஸ்ட் கேட்டார்:
"இது எங்கே இருக்கிறது?"

எங்கே என்றால்?

"இவ்வளவு பெரியது, எங்காவது இருந்தாக வேண்டுமே.
வண்டியை நிறுத்தும்போது பார்த்தேன்,
நூலகத்து இறவாரத்தில் பனிக்கட்டி ஆள் உயரம்.
சூட்டை ஒழுகவிடுகிற கூரைதான் அப்படித் தொங்கவிடும்."

சுற்றிக் காட்டும் பட்டியலில் மூன்றாம் மாடி இல்லை.
கொடையாளர் பெயர் பொறித்த கண்ணாடிக் கூடம் உண்டு,
முன்னாள் தலைவர்களின் படங்கள் உண்டு, காப்பி உண்டு.
ஆனால் சாவி என்னிடம்தான் இருந்தது.

மார்ச் கடைசி. முதல் உருகல்.
நீலத் தார்ப்பாய்க்கடியில் மண்ணியல் இதழ்கள்.
நடைபாதை நெடுக பதினேழு வாளி,
ஒவ்வொன்றிலும் மார்க்கர் பேனாவில்
துப்புரவுப் பணியாளர் மர்லீன் எழுதிய எண்:
எத்தனை மணிக்கொருமுறை கொட்ட வேண்டும்.
டெல்ஃபின் குனிந்து வாசித்தார்,
கட்டில் கால்மாட்டில் தொங்கும் அட்டையை வாசிப்பதுபோல.
"இரவில் யார் கொட்டுவது?"

ஆறு வருடக் கூட்டக் குறிப்புகள் என் கையெழுத்தில்.
கூரை. விவாதிக்கப்பட்டது. ஒத்திவைக்கப்பட்டது.
வீட்டை ஒத்திக்கு விட்டால்
பணம் தந்தவன் வட்டிக்குப் பதில் குடியிருப்பான்.
நாங்கள் கூரையை ஒத்தி வைத்தோம்.
குடிவந்திருக்கிறது தண்ணீர்,
முறைப்படி, வாடகையில்லாமல்,
துளித்துளியாகச் சாமான் இறக்கிக்கொண்டு.

யாரும் பேசவில்லை.
ஒரு வாளியை பூட்ஸ் முனையால்
இரண்டு அங்குலம் நகர்த்தினார் ஓரெஸ்ட்.
சத்தம் மாறியது.

நாலு மணிக்குக் கடைசிச் சடங்கு, நலமுரண் படிவம்.
'பல்கலைக்கழகச் சொத்து எதிலாவது
உங்களுக்குத் தனிப்பட்ட அக்கறை உண்டா?
இருப்பின் விவரம் தருக.'
இல்லை என்று எழுதிக் கையெழுத்திட்டுப் போவார்கள்.
பிரின் போட்டாள்.
அடிக்குறிப்பைப் படித்துவிட்டு டெல்ஃபினும் போட்டார்.

ஓரெஸ்ட் தொப்பியை மாட்டிக்கொண்டு போன பிறகுதான் பார்த்தேன்.
உண்டு.
விவரம்: நூலகக் கூரை.

அப்படி நிரப்பக் கூடாது. திருப்பி அனுப்ப வேண்டும்.
அறிமுக நாளுக்குக் குறிப்பு எழுதும் வழக்கமும் இல்லை.
படிவத்தை இழுப்பறையில் வைத்தேன், பூட்டவில்லை.

கிளம்பும்போது மணி ஆறு.
மூன்றாவது வாளிக்கு நேரமாகியிருக்கும்.