கடைமடைக்கு ஒரு சில்லு

முத்துப்பேட்டை, ஷர்புதீன் கடை,
கரண்ட் போய் மின்விசிறி நின்ற மதியம்.
மேசைமேல் மூன்று சில்லுகள்,
ஒவ்வொன்றும் மிளகில் பாதி.

முதலாவது முப்பத்தெட்டு ரூபாய்.
போன வருஷம் அதைத்தான் வைத்தோம்
கோரையாற்றின் கடைசி சட்ரஸ் பெட்டியில்.
ஒரு ஓம் தடை; அதன் இரு கரைக்கும் நடுவே
நாலு மில்லிவோல்ட் என்றால் ஆறு காலி,
இருபது என்றால் மூன்று மீட்டர்.
சில்லின் பிறவிப் பிழை அரை மில்லிவோல்ட்.
அரைதானே என்று கையெழுத்துப் போட்டவள் நான்.

அந்த அரை, திருவாரூர் திரையில்
ஏறக்குறைய நாலு அங்குலத் தண்ணீர்.
ஆடி முழுக்க
நண்டு வளை காய்ந்து கிடந்த மணலில்
நாலு அங்குலம் ஓடிக்கொண்டிருந்தது.
கடைமடைக்குப் போய்ச் சேர்ந்தது என்று
மேலே முறையை மாற்றிவிட்டார்கள்.
லஸ்கர் அமிர்தகடேசன் போனில் கத்தினார்:
"அம்மா, உங்க பெட்டி குடிச்சிருக்கா?"

இன்று
பெருமை பேசும் முதல் பக்கத்தைத் தள்ளிவிட்டுப்
பொடி எழுத்து அட்டவணைக்குப் போகிறேன்.

"இருநூத்தம்பது ஓம் போடுங்க,
எந்தச் சில்லும் போதும்" என்கிறார் ஷர்புதீன்.
போடலாம். ஐந்து வோல்ட்டை அங்கேயே தின்றுவிடும்.
சோலார் பேட்டரி சோர்ந்த விடியற்காலையில்
எண்ணூறு மீட்டர் கம்பியின் அந்த முனையில்
சென்சார் பசித்துக் கிடக்கும்.
மேல்மடைக்காரன் வாய்க்காலை அகலித்தால்
கடைசி வயலுக்கு என்ன மிஞ்சும் என்று
இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம்.
பத்து ஓம். அதற்கு மேல் இல்லை.

இரண்டாவது சில்லுக்குப் பிழை கம்மி.
ஆனால் அளக்க உட்கார்ந்த இடத்தில்
நூறு மைக்ரோ ஆம்பியரை உறிஞ்சும்.
நாலு மில்லியில் அது
நாற்பது மரக்காலுக்கு ஒரு மரக்கால்.
அளக்கிற ஆளுக்கு இவ்வளவு கூலி கட்டாது.

மூன்றாவது.
பிழை பன்னிரண்டு மைக்ரோவோல்ட்;
ஆற்றில் வைத்துப் பார்த்தால் கால் மில்லிமீட்டர்கூட இல்லை.
சித்திரை வெயிலில் பெட்டி கொதித்தாலும்
பூச்சியம் இடம் பெயராது.
இருபத்துநாலு வோல்ட் கம்பிமேல் ஏறி உட்காரும்,
எண்பது வரை தாங்கும்.
ஐப்பசி இடிக்கு எண்பது எம்மாத்திரம்,
அதற்கு வாசலில் வேறு காவல் வேண்டும்; எழுதிக்கொண்டேன்.
விலை இருநூற்றுப் பன்னிரண்டு.

"ஒரு சில்லுக்கா?" கண்ணாடியைக் கழற்றினார் ஷர்புதீன்.
"நாலு அங்குலத்துக்கு" என்றேன்.

மாட்டிய இரவு ஆற்றில் சொட்டு இல்லை.
பதினோரு மணிக்குத் திருவாரூரிலிருந்து போன்:
"மேடம், பூச்சியம் காட்டுது. கம்பி அறுந்துருச்சா?"
மீட்டரை வைத்துப் பார்த்தேன்.
நாலு மில்லி ஆம்பியர், பிசகாமல்.
அறுந்திருந்தால் அந்த நாலும் வந்திருக்காது.

"இல்ல சார். கம்பி உசிரோட இருக்கு.
தண்ணிதான் இல்ல."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை,
தாள் புரட்டுகிற சத்தம் மட்டும்.
அமிர்தகடேசன் டார்ச்சை அணைத்துவிட்டு
சட்ரஸ் சங்கிலிக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார்,
இருட்டிலேயே.