ஆறு நாள் அமெரிக்கா

பில்லில் அப்படித்தான் இருந்தது:
அமெரிக்கா, ஆறு நாள்,
நாளொன்றுக்குப் பதினான்கு டொலர்,
வரி தனி.

நான் விண்ட்சரை விட்டு வெளியே போய்
இரண்டு வருடமாகிறது.
கடைசியாகப் போனதும் லண்டனுக்கு,
ஒன்ராறியோ லண்டனுக்கு,
பல்லுப் பிடுங்க.

என்னிடம் பாஸ்போர்ட் இல்லை.
இருந்ததை விமான நிலையத்தில் வாங்கி
உறைக்குள் போட்டு ஒட்டிவிட்டார்கள்.
பதிலுக்குத் தந்தது ஒரு பழுப்புத் தாள்.
அதைக் காட்டிப் பாலத்தின்
முதல் விளக்குக் கம்பத்தைக்கூடத் தாண்ட ஏலாது.

கம்பனிக்கு ஃபோன் எடுத்தேன்.
நாற்பது நிமிடம் வயலின்.
பிறகு ஒரு பிள்ளை, இதமான குரல்,
பெயர் மெலிண்டா:
ஆறாம் திகதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல்,
நீங்கள் அமெரிக்காவில் இருந்திருக்கிறீர்கள்.

இல்லைப் பிள்ளை,
ஹோட்டல் சலவை அறையில் இடைவேளை விட்டார்கள்,
ஆற்றங்கரை வாங்கில் இருந்து
முட்டை சான்ட்விச் சாப்பிட்டேன்.

எங்கள் கணினியில் அமெரிக்கா என்றுதான் நிற்கிறது.

அதை எழுத்தில் தருவீர்களா
என்று கேட்க நாக்கு உன்னியது.
கேட்கவில்லை.

அவளே விளங்கப்படுத்தினாள்.
டெட்ராய்ட் கோபுரங்கள் உயரம்,
நடுவில் ஆறு ஒடுக்கம்.
எந்த சிக்னல் பலமோ
அதுதான் ஃபோனுக்குத் தேசம்.
ரோமிங்கை நிறுத்தி வையுங்கள்,
நெட்வொர்க்கை அதன் பாட்டுக்கு விடாதீர்கள்,
நீங்களே தெரிவுசெய்யுங்கள்,
கரையோரம் நடந்தால் விமான நிலைக்கு மாற்றுங்கள்.
இந்தமுறை மட்டும் பாதியைக் கழிக்கிறேன்.

ஆக,
மூன்று நாள் அமெரிக்கா மிஞ்சியது.

வக்கீல் புனிதசீலியிடம் இதைப் பகிடியாகத்தான் சொன்னேன்.
வந்த நாள் முதல் நாட்டைவிட்டு வெளியே போகவில்லை
என்று கையெழுத்து வைத்திருக்கிறீர்கள்,
அந்த பில்லைக் கோப்புப் பக்கமே கொண்டுவராதீர்கள் என்றார்.
அவர் சிரிக்கவில்லை.

மற்ற ஐந்து நாளும் ஞாயிறு.
அதை மெலிண்டாவுக்கும் சொல்லவில்லை,
வக்கீலுக்கும் சொல்லவில்லை.

தங்கை கௌசிகா அக்கரையில்.
டியர்போர்னில் பெற்றோல் நிலையம் ஒன்றில் கல்லாவில் நிற்கிறாள்.
அவளுக்கும் ஒரு தாள்தான், வேறு நிறம்.
ஒரே அறையில் நாங்கள் இருந்து ஒன்பது வருடம்.
இங்கே அமெரிக்கா வடக்கில் இருக்கிறது,
வரைபடம் பார்த்தும் நான் நம்பவில்லை,
அவள் கை காட்டித்தான் நம்பினேன்.

ஞாயிறு மூன்று மணிக்கு
நான் வெண்கல யானைச் சிலையடியில்,
அவள் எதிர்க்கரைக் கம்பிவேலியில்.
கதைக்கத் தொடங்கினால்
என் ஃபோன் அங்கே போய்விடும்,
அவளுடையது இங்கே வந்துவிடும்.
கனடாவுக்கு நல்வரவு என்று அவளுக்கு,
அமெரிக்காவுக்கு நல்வரவு என்று எனக்கு.
ஆளுக்கு ஆள் இடம் மாறியும்
சந்தித்தபாடில்லை.

அவளுக்கும் பில் வந்ததாம்.
இரண்டு பேரும் ரோமிங்கை நிறுத்தினோம்.

போன ஞாயிறு ஃபோன் இல்லாமல் போனேன்.
மஞ்சள் மழைக்கோட்டு தெரிந்தது.
கை அசைத்தேன், அதுவும் அசைத்தது.
தொப்பியைக் கழற்றி ஆட்டினேன்,
சான்ட்விச்சைத் தூக்கிக் காட்டினேன்,
அரை மணித்தியாலம்.
பக்கத்தில் தூண்டில் போட்ட சீனக் கிழவர்
தானும் ஒருமுறை அசைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து வைஃபையில் கேட்டேன்,
புதுக் கோட்டா?

என்ன கோட்டு? நான் நீல ஜாக்கெட்,
நாய் வைத்திருந்த ஆளுக்குப் பக்கத்தில்.
நீ ஏன் என்னைப் பார்க்கவேயில்லை?

வாற ஞாயிற்றுக்குப்
பதினான்கு டொலர் எடுத்து வைத்திருக்கிறேன், வரியோடு.
மூன்று மணிக்கு ரோமிங்கைப் போடுவேன்.
அவள் ஒன்றுதான் சொல்ல வேண்டும்:

இடது பக்கம் பார்.
இன்னும்
கொஞ்சம்
இடது.