பூட்டுக்குள் ஊதியது

பின்கதவுப் பூட்டுக்குள் காரீயத்தூள் ஊதியது நான்தான்.
நவம்பர் கடைசி, ஹாமில்டனில்
எண்ணெய் விட்டால் எண்ணெயே இறுகிப்போகும்.
இது இறுகாது.
பிணைச்சலுக்கும் கொஞ்சம் தட்டினேன்.
கடையில் ஒரு குழாய் நாலு டொலர்;
எங்கள் பட்டறையில் சுளகால் அள்ளலாம்.

காரீயம் என்றால் எல்லோரும் ஈயம் என்கிறார்கள்.
ஈயம் ஒரு துளியும் இல்லை.
கரிதான். தாள் தாளாய் அடுக்கிய கரி.
ஒரு தாள் மற்றதன்மேல் வழுக்கும்.
அந்த வழுக்கலில்தான் என் சம்பளம்.

பர்லிங்டன் தெருக்கோடியில் கடைசல் வேலை.
ஆளை விட உயர்ந்த உருளைகள்,
உருக்காலைக்குப் போகிறவை.
ஒன்றின் தலையில் இன்னொன்று திருகி ஏற
நுனியில் மரை வெட்டுவேன்.
அங்கே உலைக்குள் அடிநுனி எரிய எரிய
மேலே புதிதைப் பூட்டுவார்களாம்.
பழைய கார், கட்டில் கம்பி, யாரோ எறிந்த குளிர்பெட்டி
எல்லாம் அதன் மின்னலில் கூழாகும்.
அது மட்டும் உருகாது,
தேயும்.
உருகாமல் தேய்வது பற்றி
எனக்கு ஒருவரும் விளக்க வேண்டியதில்லை.

அனுப்புமுன் ஒவ்வொன்றையும் விரல்முட்டியால் தட்டுவேன்.
வெறும் பித்தளைக் குடம்போல் நீளமாய்ச் சத்தம் வந்தால் நல்லது.
டொக் என்றால் உள்ளே விரிசல்.
பெனடிட்டோவுக்குக் காது மந்தம்;
அவர் தாடையை வைத்துக் கேட்பார்.

ஜனவரியில் ஒரு செவ்வாய்,
பின்னேர ஷிப்ட் முடிந்து வந்தால்
வீட்டுக்குள் பனி கிடந்தது.
பூட்டில் கீறல்கூட இல்லை.
வாழைப்பழத்தில் ஊசி ஏற்றியதுபோல் திறந்திருக்கிறான்.
மேல்வீட்டு மனிதர் விழித்துத்தான் இருந்தாராம்,
ஒரு கிரீச்சும் கேட்கவில்லையாம்.

என்னென்ன போனது, கேட்டாள்
கான்ஸ்டபிள் மொரிசெட்.
மடிக்கணினி:
அதன் பற்றரிக்குள் ஒரு பக்கம் முழுக்க இதுதான்.
தவசீலனின் துளைக்கும் மெஷின்:
மோட்டருக்குள் இரண்டு துண்டு, தேயத் தேய மாற்றவேண்டும்.
மகளின் பென்சில் பெட்டி. அதை ஏன் எடுத்தானோ.
நகை?
வைரத்தோடு ஒரு சோடி, அது ஏற்கனவே அடகில்.
அந்தப் பணக்காரச் சொந்தம்
எங்கள் வீட்டில் தொடர்ந்து ஒரு மாதம் தங்கியதில்லை.

அவள் பெட்டி திறந்தாள்,
மயிர்த்தூரிகை, ஒரு டப்பா கறுப்புத் தூள்.
அந்த மினுக்கத்தை எங்கு கண்டாலும் எனக்குத் தெரியும்.
கனக்க அள்ளாதீங்கோ, தும்மல் வரும் என்று
தமிழில் சொல்லிவிட்டேன்.

தடவத் தடவ ரேகைகள் எழும்பின.
சுவிட்சில், தேயிலை டப்பாவில், கட்டில் விளிம்பில்,
படிக்கட்டுச் சுவரில் கை ஊன்றும் உயரத்தில்.
சில இடங்களுக்குத் தூளே வேண்டியிருக்கவில்லை.
ஒவ்வொன்றுக்கும் என் விரலை வாங்கி ஒப்பிட்டாள்.
எல்லாம் நான்.
பதினொரு வருடமாய் இந்த வீடு முழுக்கக்
கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன்,
வாடகை வீட்டில்.
தினமும் சோப்புப் போட்டுத்தான் கழுவுகிறேன் என்றேன்,
அவள் கேட்கவேயில்லை.

பின்கதவுக் குமிழில் மட்டும்
என்னுடையதல்லாத ஒரு பெருவிரல், பாதி.
போதாது என்றாள்.
எனக்குப் போதும்.
நான் ஊதிய தூள் அவன் விரலிலும் ஏறியிருக்கும்.
அவன் பிடித்த ஸ்டியரிங்கில்,
அன்றிரவு அவன் சாப்பிட்ட பாணில்,
பிள்ளை இருந்தால் பிள்ளையின் கன்னத்தில்.
லேசில் போகாது அது.

சனிக்கிழமை தவசீலன் புதுப்பூட்டும் புதுப்பிணைச்சலும் போட்டான்.
மைனஸ் இருபத்திரண்டு.
சாவி பாதியில் நின்றது,
கதவு தெருவுக்கே கேட்கக் கத்தியது.
குழாய் என் கோட்டுப் பைக்குள் இருந்தது.
மூடியைத் திருகித் திறந்தேன்,
அப்படியே கொஞ்ச நேரம் நின்று
திரும்பவும் மூடினேன்.
கத்தட்டும்.